பெரிய கோயிலுக்கு காப்பிரைட் இல்லை, பஸ் ஸ்டாண்டு சுவருக்கு உண்டு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும். தஞ்சாவூர்க்காரர் நீங்கள். நம் டெல்டா ஊர்களை வைத்து ஒரு மாதக் காலண்டர் போடுகிறீர்கள். பெரிய கோயில் விமானம், கல்லணையில் யானை மேல் உட்கார்ந்திருக்கிற கரிகாலன் சிலை, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு சுவரில் கல்லூரிப் பிள்ளைகள் வரைந்த கரகாட்ட ஓவியம், போன வருடம் திறந்த ஒரு கல்யாண மண்டபத்தின் முகப்பு என்று படங்களை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனால், "இதெல்லாம் காப்பிரைட் கேஸ் ஆயிடும், உங்க பொறுப்புன்னு எழுதிக் கொடுங்க" என்கிறார்கள். எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

மூன்று படத்துக்குத் தைரியமாக எழுதிக் கொடுக்கலாம். சுவர் ஓவியத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அச்சகத்துக்காரர் எதைப் பார்த்துப் பயந்தாரோ தெரியாது, அநேகமாகக் கோயிலைப் பார்த்துத்தான் பயந்திருப்பார். வம்பு இருப்பதோ அந்தச் சுவரில்.

நான் கும்பகோணத்தில் பல வருடம் ஸ்டூடியோ வைத்திருந்து, அதற்குப் பிறகு சட்டம் படித்தவன். அதனால் இரண்டு பக்கமும் அடிபட்ட அனுபவத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கோயில். பதிப்புரிமை, அதாவது நாம் பேச்சில் காப்பிரைட் என்கிறோமே அது, இந்தியாவில் படைத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 60 வருடமும். 1957ஆம் வருடச் சட்டத்தில் 50 என்று இருந்தது, 1992ல் 60 ஆக்கினார்கள். ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010ல். கட்டிய பெருந்தச்சனின் பெயர்கூட அங்கே கல்வெட்டில் இருக்கிறது, வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அவருடைய வாரிசு என்று யாராவது வந்து ராயல்டி கேட்டால் நானே வாங்கித் தருகிறேன். தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம், மனோரா, தரங்கம்பாடிக் கோட்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான், உரிமை என்று ஒன்று இருந்திருந்தாலும் எப்போதோ காலாவதி.

பிறகு ஏன் வாசலில் "படம் எடுக்கக் கூடாது" என்கிறார்கள்? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வாசலில் நிற்கிறவர் சொல்வது காப்பிரைட்டே கிடையாது. அது இடத்தின் விதி. பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பிராகாரத்தில் நின்று கையில் பிடித்த கேமராவில் எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஸ்டாண்டை விரித்தாலோ லைட் வைத்து ஆட்களோடு ஷூட்டிங் மாதிரி நடத்தினாலோ முன்கூட்டி எழுத்தில் அனுமதி வேண்டும், மூலஸ்தானத்தில் எடுக்கவே கூடாது. அறநிலையத் துறைக் கோயில்களில் வேறு மாதிரி. திருச்செந்தூர் கோயில் வழக்கு ஒன்றில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயிலுக்குள் செல்போனே கொண்டுபோகக் கூடாது என்று தமிழ்நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டது; அது கோயிலின் தூய்மையும் அமைதியும் சம்பந்தப்பட்ட உத்தரவு, சிற்பியின் உரிமை சம்பந்தப்பட்டதல்ல. டிரோன் விடுவது இன்னொரு சட்டம், 2021 விதிகள். தஞ்சாவூரிலேயே விமானப்படைத் தளம் இருக்கிறது, வரைபடத்தைப் பார்க்காமல் தயவுசெய்து பறக்கவிடாதீர்கள். ஆக, விதியை மீறி எடுத்தால் வெளியே அனுப்புவார்கள், அபராதம் போடுவார்கள். வெளியே தெருவில் நின்று கோபுரத்தை எடுத்தால் அதுவும் இல்லை.

கோயிலில் ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள் சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன, நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்து கிடந்ததை 1931ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அங்கே நம்மை விடமாட்டார்கள். அதனால் என்ன செய்கிறார்கள் என்றால், ஏதாவது புத்தகத்தில் வந்த படத்தை ஸ்கேன் பண்ணிப் போட்டுவிடுகிறார்கள், "ஆயிரம் வருஷத்து ஓவியத்துக்கு ஏது காப்பிரைட்" என்று. ஓவியத்துக்கு இல்லைதான். ஆனால் அந்த இருட்டில் கஷ்டப்பட்டு எடுத்தாரே ஒருவர், அந்தப் போட்டோவுக்கு உண்டு. சட்டத்தில் போட்டோவும் தனியாக ஒரு கலைப்படைப்பு, அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இல்லை. திருவாரூர் தேவாசிரிய மண்டப ஓவியத்துக்கும் இதேதான்.

சரி, புது கட்டிடம். கல்யாண மண்டபத்தை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் உயிரோடுதான் இருக்கிறார், அவருக்கு உரிமையும் இருக்கிறது. சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்வது, கட்டிடத்தின் கலைத்தன்மைக்கும் வடிவமைப்புக்கும்தான் உரிமை, கட்டுகிற முறைக்கு இல்லை. ஆனால் 52ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, "இதெல்லாம் உரிமை மீறல் ஆகாது" என்று நீளமாகப் பட்டியல் போடுகிற பிரிவு, நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் குலதெய்வம். அதில் 52(1)(எஸ்): கட்டிடத்தை ஓவியமாக வரையலாம், போட்டோ எடுக்கலாம், வெளியிடலாம். பொது இடத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. விற்கக் கூடாது என்றும் இல்லை. ஆகவே காலண்டரில் தாராளமாகப் போடலாம். மண்டபத்துக்காரர் "என் இடத்துக்குள் வந்து எடுக்காதே" என்று சொல்லலாம், அது அவருடைய காம்பவுண்டு சுவர் வரைக்கும்தான். செய்யக் கூடாதது, அதே முகப்பை அப்படியே இன்னொரு ஊரில் கட்டுவது.

மும்பை தாஜ்மகால் பேலஸ் ஹோட்டல் 2017ல் தன் கட்டிடத்தின் தோற்றத்தையே டிரேட்மார்க்காகப் பதிவு செய்ததே என்று யாராவது கேட்பார்கள். அது வியாபார முத்திரை பற்றிய விஷயம். உங்கள் லாட்ஜுக்கு அந்தக் கோபுரத்தை லோகோவாக வைத்தால் வருவார்கள், ஊர்ப்படமாக எடுத்தால் வர மாட்டார்கள்.

அடுத்து கரிகாலன். சிலைகளுக்கு 52(1)(டி). பொது இடத்திலோ பொதுமக்கள் போய்வரக்கூடிய இடத்திலோ நிரந்தரமாக நிற்கிற சிற்பத்தைப் போட்டோ எடுக்கலாம், வரையலாம், வெளியிடலாம். சிற்பி உயிரோடு இருந்தாலும் சரி. கல்லணைக் கரிகாலன், பெரிய கோயிலுக்கு வெளியே 1972ல் வைத்த ராஜராஜன் சிலை, முச்சந்தித் தலைவர் சிலைகள், கும்பாபிஷேகத்துக்குப் புதிதாகச் செய்த கோபுரத்துச் சுதை பொம்மைகள், எல்லாம் இதில் அடங்கும். போஸ்ட்கார்டு போட்டு விற்றாலும் பிரச்சினை இல்லை.

"நிரந்தரமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு வைத்துவிட்டு அரசலாற்றில் கரைக்கிற பிள்ளையார் நிரந்தரம் இல்லை. கண்காட்சியில் ஒரு வாரம் நிற்கிற சிற்பமும் இல்லை. சுவாமிமலையில் ஸ்தபதி காவிரி வண்டல் மண்ணை மெழுகின் மேல் பூசி, சுட்டு, உலோகம் ஊற்றி, அரம் போட்டுக் கடைக்கு முன்னால் வைத்திருக்கிறாரே ஒரு நடராஜர், அது நாளைக்கு யாரோ வாங்கிக்கொண்டு போகப்போவது. மரபு லட்சணத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, ஆனால் அந்த முகத்தில் அவர் கொண்டுவந்த நெளிவு அவருடையது. படமெடுத்து உங்கள் ஆன்லைன் கடையில் போடுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடுங்கள், டீ வாங்கிக் கொடுத்துச் சம்மதிக்கிற ஆட்கள்தான் பெரும்பாலும்.

இன்னொன்று. இந்த விலக்கு படத்துக்கு மட்டும். ஓவியம், வரைபடம், செதுக்குப் படம், போட்டோ என்று பெயர் சொல்லித்தான் சட்டம் விட்டுக்கொடுக்கிறது. சிலையைப் பார்த்துச் சின்னச் சிலை வார்ப்பது அதில் வராது. கன்னியாகுமரி வள்ளுவரை எடுத்துக்கொள்ளுங்கள், 133 அடி, 2000 ஜனவரி 1ல் திறந்தது, செய்தவர் கணபதி ஸ்தபதி, காலமானது 2011ல். அவர் ஆயுளை வைத்துக் கணக்குப் போட்டால் உரிமை 2071 முடிய ஓடும். அந்த வள்ளுவரைக் காலண்டரில் போடலாம். கார் டேஷ்போர்டுக்குக் குட்டி வள்ளுவர் வார்த்து விற்பதற்கு 52(1)(டி) துணைக்கு வராது. இப்போது முப்பரிமாணப் பிரிண்டர் எல்லாம் வந்துவிட்டதால் இதைச் சொல்கிறேன்.

இப்போது சுவருக்கு வருவோம். மேலே சொன்ன (டி) பிரிவை மெதுவாகப் படித்தால் ஒரு விநோதம் தெரியும். அதில் "சிற்பம், அல்லது 2ஆம் பிரிவு (சி)யின் மூன்றாவது உட்பிரிவில் வரும் கலைப்படைப்பு" என்று இருக்கிறது. மூன்றாவது உட்பிரிவு என்றால் கைவினைத்திறன் உள்ள மற்ற படைப்புகள். ஓவியம் எங்கே இருக்கிறது? முதல் உட்பிரிவில், சிற்பம், வரைபடம், போட்டோவோடு சேர்ந்து. அங்கிருந்து சிற்பத்தை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு (டி)க்குள் உட்காரவைத்தவர்கள் ஓவியத்தை வாசலிலேயே விட்டுவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் அண்ணனுக்கு இலை போட்டுவிட்டுத் தம்பியை நிற்கவைத்த மாதிரி. ஆகவே தெருச் சுவரில் எத்தனை வருடம் நிரந்தரமாக இருந்தாலும், ஊரே பார்த்தாலும், அந்த ஓவியத்தைப் போட்டோ எடுத்து வெளியிட இந்தப் பிரிவு உதவாது.

இதைவிட வேடிக்கை அடுத்த பிரிவு, 52(1)(யு). அது சினிமாவுக்கு. சினிமாவில் என்றால் பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கிற "எந்தக் கலைப்படைப்பையும்" காட்டலாம். எந்த என்றால் ஓவியமும் சேர்த்தி. நிரந்தரமாக இல்லாவிட்டாலும் பின்னணியில் தற்செயலாக வந்துபோனால் அதுவும் சரி. சினிமா என்பதற்குச் சட்டம் சொல்லும் விளக்கம் காட்சிப் பதிவு எதையும் அடக்கும், அதனால் உங்கள் போனில் எடுக்கிற ரீல்ஸும் உள்ளே வரும். அதாவது, அந்தக் கரகாட்டச் சுவரை நீங்கள் முப்பது விநாடி வீடியோவாக எடுத்துப் போட்டால் சட்டம் உங்கள் பக்கம். அதே இடத்தில் நின்று, அதே போனில், ஒரு போட்டோ எடுத்துக் காலண்டரில் போட்டால் உங்கள் பக்கம் இல்லை. அந்த வீடியோவிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சடித்தாலும் திரும்ப போட்டோ கணக்குதான். எழுதினவர்கள் யோசித்து எழுதினார்களா, விட்டுப்போனதா என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

படிப்பதற்கு முன்னால் எனக்கே இது தெரியாது. ஸ்டூடியோ நாட்களில் ஒரு கல்யாண ஜோடியைத் தெருச் சுவர் ஒன்றின் முன்னால் நிற்கவைத்து எடுத்தேன். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பரதநாட்டியப் பெண், பச்சைப் புடவை, கால் சதங்கையில் ஒவ்வொரு மணியாக மஞ்சள் தீட்டியிருந்தது. படம் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதால் அதையே பத்தடிக்குப் பெரிதாக்கி ஸ்டூடியோ வாசலில் விளம்பரமாகக் கட்டினேன். பத்து நாள் கழித்து ஒரு டிராயிங் மாஸ்டர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆல்பம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. "சதங்கை நான் போட்டது சார், ரெண்டு நாள் ஆச்சு" என்றார். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அவர் சத்தமே போடவில்லை, அதுதான் என்னவோ செய்துவிட்டது. இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து, போர்டின் கீழே அவர் பெயரையும் எழுதவைத்தேன். அவர் கேஸ் போட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன் என்று பிற்பாடு சட்டம் படிக்கும்போதுதான் உறைத்தது.

இது கற்பனை பயம் இல்லை. மும்பையில் ஒரு பெரிய சுவரோவியத்தைத் தன் விளம்பரத்தில் சேர்த்துக்கொண்ட காப்பீட்டு நிறுவனத்தின் மேல், ஓவியத்தை ஏற்பாடு செய்த ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2023ல் சமூக ஊடகத்தில் போட்ட படங்களை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. தெருவில் இருக்கிற ஓவியம்தானே என்ற வாதம் விளம்பரத்துக்கு எடுபடவில்லை.

அப்படியென்றால் சுவர் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தால் ஜெயிலா என்று பதற வேண்டாம். சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி இவற்றுக்கு 52(1)(ஏ)யில் நியாயமான பயன்பாடு என்று இடம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டை எடுத்த படத்தின் ஓரத்தில் ஓவியம் கால்வாசி தெரிந்தால் எந்த நீதிபதியும் அதை வழக்கு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்; அற்ப விஷயத்துக்குச் சட்டம் வராது என்கிற கொள்கையை 2012ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு டிவி நிகழ்ச்சிப் பாட்டு வழக்கில் பதிப்புரிமைக்கும் பொருத்தியிருக்கிறது. ஆனால் உங்கள் காலண்டரில் ஆடி மாதப் பக்கம் முழுக்க அந்த ஓவியம்தான். அது அற்பம் ஆகாது. சட்டத்தில் தண்டனை ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம், அபராதம் 50,000 முதல் 2 லட்சம் என்று இருக்கிறது, நடைமுறையில் முதலில் வக்கீல் நோட்டீஸ் வரும், காலண்டரைத் திரும்பப் பெறு என்பார்கள், அச்சுக்கூலி போகும்.

யாரிடம் அனுமதி கேட்பது? இதற்கும் 17ஆம் பிரிவில் பதில் இருக்கிறது. காசு கொடுத்து வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை காசு கொடுத்தவருக்கு. மாநகராட்சி கூலி கொடுத்து வரையவைத்திருந்தால் மாநகராட்சியிடம் ஒரு கடிதம். பிள்ளைகள் சேவையாக வரைந்திருந்தால் அவர்களிடம். பெயிண்டும் மத்தியான எலுமிச்சை சாதப் பொட்டலமும் கூலிக் கணக்கில் வருமா என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரு வழக்கு நடந்தால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். இரண்டு பேரிடமும் கேட்டுவிடுவது உத்தமம்.

இதே 17ஆம் பிரிவு ஸ்டூடியோக்காரர்களையும் கடிக்கும் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டார் காசு கொடுத்து எடுத்த போட்டோவின் உரிமை, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், கல்யாண வீட்டாருக்குத்தான். ஷோகேஸில் மாட்டுகிறோமே, அதெல்லாம் இத்தனை வருடம் அவர்கள் பெருந்தன்மையில் ஓடியிருக்கிறது. உங்கள் காலண்டர் படங்கள் யாரும் சொல்லி எடுத்தவை இல்லை, அதனால் உரிமை உங்களுக்கே. நாளைக்கு ஒரு ஜவுளிக்கடை அதை எடுத்துப் பையில் அச்சடித்தால் நீங்கள்தான் நோட்டீஸ் அனுப்புகிறவர்.

சிலைப் படத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டோ எடுக்க அனுமதி இருக்கிறது என்பதால் கரிகாலன் கையில் குளிர்பான பாட்டிலைச் செருகிவிடாதீர்கள். 57ஆம் பிரிவில் படைத்தவரின் பெயருக்கும் மானத்துக்கும் தனிப் பாதுகாப்பு இருக்கிறது, உரிமையை விற்றுவிட்டாலும் அது போகாது. அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசாங்கமே 1979ல் பெயர்த்துப் போட்டுச் சிதைத்துவிட்டது. வழக்கு 2005ல் முடிந்து, மிச்சத்தைத் திருப்பிக் கொடு, 5 லட்சம் நஷ்டஈடும் கொடு என்று தீர்ப்பானது. அரசாங்கத்துக்கே அந்தக் கதி.

வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு அங்கேயும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கட்டிடத்தை எடுக்கலாம், சிலைக்கு அந்தச் சலுகை கிடையாது. கொரியப் போர் நினைவுச் சின்னத்துச் சிலைகளின் போட்டோவைத் தபால்தலையில் போட்டதற்கு அந்தச் சிற்பிக்கு அவர்கள் அரசாங்கமே ஆறு லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது. பிரான்சில் ஈஃபில் கோபுரத்தைப் பகலில் எடுக்கலாம், ஈஃபில் 1923லேயே காலமாகிவிட்டார். இரவு விளக்கு அலங்காரத்தைத் தனிப்படைப்பு என்று சொல்லி வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி கேட்கிறார்கள். நல்லவேளை, காரைக்காலை விட்டு பிரெஞ்சுக்காரர்கள் 1954லேயே போய்விட்டார்கள்.

விக்கிப்பீடியாவுக்குப் படம் ஏற்றுகிறவர்களும் இதையே பின்பற்றலாம். இந்தியக் கட்டிடமும் பொது இடச் சிலையும் அங்கே நிற்கும், சமகாலச் சுவரோவியத்தை ஏற்றினால் நீக்கிவிடுவார்கள்.

உங்கள் வேலைக்கு வருகிறேன். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருட ஆல்பம் போட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் உங்களுக்கு நேரம் அதிகம் இல்லை. கோயில், கரிகாலன், மண்டபம் மூன்றுக்கும் "இந்தப் படங்களை எடுத்தவன் நான், உரிமை என்னுடையது" என்று கையெழுத்துப் போட்டு அச்சகத்தில் கொடுங்கள். சுவர் ஓவியத்துக்கு ஒருமுறை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வலது கீழ் மூலையைப் பாருங்கள். பாதிச் சுவர்களில் பெயர், கல்லூரி, ஏன், போன் நம்பர்கூட எழுதியிருப்பார்கள். கூப்பிட்டுக் கேளுங்கள், வாட்ஸாப்பில் ஒரு வரி சம்மதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் பெயரை ஆடி மாதப் பக்கத்தின் அடியில் போடுங்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்தப் பக்கத்துக்குக் கல்லணை மதகில் தண்ணீர் திறந்துவிடுகிற படம் ஒன்று கைவசம் வைத்திருங்கள்.